கொடும்பாளூரில் ஒரு கைவலி

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரே அத்தியாயத்தில் நூறு வீரர்களின் கைகளை வெட்டி வீழ்த்திவிட்டு, நிம்மதியாக எழுந்து காப்பி சாப்பிடப் போகலாம். வெட்டுப்பட்டவன் எவனும் பின்னால் வந்து, "ஐயா, அந்த வலி எப்படி இருந்தது என்று உமக்குத் தெரியுமா?" என்று கேட்கப் போவதில்லை. நானும் பல ஆண்டுகளாக இப்படித்தான் கைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் கேள்வியை என் வலது கையே கேட்டுவிட்டது.

முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரு குத்தல். முதலில் நாலு பக்கம் எழுதினால் வந்தது. பிறகு நாலு வரியில் வந்தது. அப்புறம் பேனாவைக் கண்டாலே வந்தது. காப்பித் தம்ளரைத் தூக்கினால் வலி. கதவின் தாழ்ப்பாளைத் திருகினால் வலி. அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் கொடும்பாளூர்ப் படை புறப்பட்டுப் போர்க்களத்தின் விளிம்பில் வந்து நின்றது. வந்து நின்ற படை மூன்று வாரமாக அங்கேயே நின்றது.

முதலில் பார்த்த வைத்தியர் எக்ஸ்ரே படம் எடுத்தார். "எலும்பில் ஒன்றுமில்லை. போய் வாருங்கள்" என்றார். ஒன்றுமில்லை என்றால் வலிப்பது எது என்று கேட்க வாய் வந்தது. ஆனால் வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தால், உறவினர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "எல்லாம் மனசுதான். கதை ஓடவில்லை, பழியைக் கைமேல் போடுகிறான்."

வாசகர்களே, வலியைவிட அந்த வார்த்தை அதிகமாக வலித்தது. "உனக்கு ஒன்றுமில்லை", "எல்லாம் உன் மனசு" என்ற இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கொடும்பாளூருக்கே போக வேண்டியிருந்தது.

*

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைத் தாண்டி, ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது கொடும்பாளூர். இன்று அது ஒரு சிற்றூர். பேருந்தில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் அதைக் கடந்ததையே அறியமாட்டார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னாலோ, அந்த ஊரைக் கேட்காமல் சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஒரு படை போயிருக்க முடியாது. சிலப்பதிகாரத்தில், மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை செல்லும் வழி சொல்கிறான் அல்லவா? கொடும்பைக் குளக்கரையிலிருந்து மூன்று பாதைகள் பிரிகின்றன என்கிறான். அந்தக் கொடும்பைதான் இது.

இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் குலம் இங்கிருந்து ஆண்டது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கொடும்பாளூர் வானதியையும், பெரிய வேளாரையும் நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வந்தால், பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் அரசன் இங்கே மூன்று விமானங்கள் எழுப்பினான். ஒன்று தன் பெயரால். மற்ற இரண்டு தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரால். மூவர் கோயில் என்று வழங்கும் அந்த வளாகத்தில் இரண்டு விமானங்கள்தாம் இன்று நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சுற்றிலும் இருந்த பதினைந்து சிறு சந்நிதிகளும் தரைமட்டமாகிவிட்டன.

சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. விக்கிரமகேசரியின் முன்னோர்களை வரிசையாகச் சொல்கிறது. ஒருவன் வாதாபியை வென்றவன். ஒருவன் பகைவர் கோட்டைகளைத் தகர்த்தவன். விக்கிரமகேசரியோ காவிரிக் கரையில் பல்லவப் படையை முறியடித்தவன். மல்லிகார்ச்சுனர் என்ற துறவிக்கு மடமும், அதில் ஐம்பது துறவியர் உண்பதற்காகப் பதினோரு ஊர்களும் கொடுத்தவன். வெற்றி உண்டு, கொடை உண்டு. ஆனால் அந்தப் போர்களில் யாருக்கு எங்கே வெட்டு விழுந்தது, அந்த வலியோடு அவன் எத்தனை நாள் வாழ்ந்தான் என்பது கல்லில் இல்லை. சுந்தர சோழர் காலத்தில் இந்தக் குலத்துச் சிறிய வேளார் ஈழப் போருக்குச் சென்று அங்கேயே உயிர் விட்டார். அதைக்கூட ஒரு கல்வெட்டு ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது.

என்னுடன் வந்திருந்தவர் புதுக்கோட்டை நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டதும் சிரித்தார். "வலியைப் பற்றித் தமிழன் பேசாமலா இருந்தான்? விழுப்புண், புறப்புண் என்று இரண்டு வார்த்தை வைத்திருக்கிறானே, அது போதாதா?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய செய்தி! மார்பிலும் முகத்திலும் பட்டால் விழுப்புண். முதுகில் பட்டால் புறப்புண். இரண்டும் ஒரே வாள் செய்த வெட்டுதான். ஆழமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதல் புண் பெற்றவன் அதைத் தடவிப் பார்த்துப் பெருமைப்படுகிறான். இரண்டாவது புண் பெற்றவன் வடக்கிருந்து உயிர்விடத் துணிகிறான். விழுப்புண் படாத நாட்களை வீரன் வீண் நாட்களாக எண்ணுவான் என்று வள்ளுவர் ஒரு குறளே செய்திருக்கிறார். விசயாலய சோழனின் உடம்பில் தொண்ணூற்றாறு தழும்புகள் இருந்தன என்று புலவர்கள் எண்ணிக்கை சொல்லிப் பாடினார்கள். புண் ஒன்று, அதற்கு மனிதன் கொடுக்கும் பொருள் வேறு. பொருள் மாறினால் வலியும் மாறுமா? நம் முன்னோர்கள் மாறும் என்று நம்பினார்கள். அது வெறும் வீர வசனமாக இருக்கக்கூடாதா என்று நான் கேட்டேன்.

நண்பர் பதில் சொல்வதற்கு முன் வேறொன்று நடந்தது.

*

காலை ஒன்பது மணிக்கு வந்தவர்கள், விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். மாடங்களில் இருந்த சிவனுடைய திருக்கோலங்களைப் பார்த்ததில் நேரம் போனது தெரியவில்லை. திடீரென்று என் சட்டைப் பையில் தொலைபேசி ஒலித்தது. பத்திரிகை ஆசிரியர். "அடுத்த அத்தியாயம் என்ன ஆயிற்று?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பேசி முடித்தேன். முழங்கையில் 'சுரீர்' என்றது.

அப்போதுதான் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன்! பதினோரு பக்கமும் வலிக்காத கைக்கு ஆசிரியர் குரல் கேட்டதும் வலி வந்துவிட்டது. உறவினர் சொன்னது சரிதானா? நான் பாசாங்குக்காரனா? என்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சந்தேகத்தோடு ஊர் திரும்பியவன், கதை எழுதுவதை விட்டுவிட்டு வலியின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் அகப்பட்டது ஒரு போர்க்களம். கொடும்பாளூர்ப் போர்க்களம் அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலி. ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் அங்கே அன்சியோ கடற்கரையிலும் வேறு முனைகளிலும் படை மருத்துவராக வேலை செய்தார். எலும்பு நொறுங்கியவர்கள், மார்பிலும் வயிற்றிலும் குண்டு பாய்ந்தவர்கள் என்று இருநூறுக்கு மேற்பட்டவர்களிடம், சுய நினைவோடு இருக்கும்போது, "வலிக்கிறதா? மருந்து வேண்டுமா?" என்று கேட்டார். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1946-ல் அவர் இதை வெளியிட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, சாதாரண ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டார். படைவீரர்களுடையதைவிடச் சிறிய புண் பெற்ற அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மருந்து கேட்டார்கள்.

அந்த வீரர்கள் இரும்பால் செய்தவர்களா? இல்லை. வலிக்கவில்லை என்று சொன்ன அதே ஆள், கைநரம்பில் ஊசியைத் தாறுமாறாகக் குத்தினால் மற்றவர்களைப் போலவே கத்தினான். அப்படியானால் விஷயம் என்ன? போர்க்களத்தில் காயம்பட்டவனுக்கு அந்தக் காயம் உயிரோடு ஊர் திரும்பும் அனுமதிச் சீட்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்கோ அந்தக் காயம் ஆபத்தின் தொடக்கம். சம்பளம் போகிறது, குடும்பம் என்ன ஆகும் என்ற கவலை. காயத்தின் அளவு வலியின் அளவைத் தீர்மானிக்கவில்லை; காயத்தின் பொருளே தீர்மானித்தது என்றார் பீச்சர். விழுப்புண் என்ற சொல்லைச் செய்த தமிழன் கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பான்.

*

இது எப்படி நடக்கிறது? 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். கையில் புண் பட்டால் செய்தி நரம்பு வழியாக முதுகுத் தண்டுக்கு வருகிறது. அங்கே ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசல் திறந்திருந்தால் செய்தி முழுவதும் மூளைக்குப் போகும். ஒருக்களித்திருந்தால் கொஞ்சம் போகும். அந்த வாசலைத் திறக்கவும் மூடவும் கீழிருந்தும் கட்டளை வரும். மேலே மூளையிலிருந்தும் வரும். முழங்கையை நிலைப்படியில் இடித்துக்கொண்டதும் நாம் பரபரவென்று தேய்த்துவிடுகிறோமே, தேய்ப்பு என்ற அந்தச் செய்தி வாசலைச் சற்று அடைக்கிறது. பயமும் ஏக்கமும் அதை அகலத் திறக்கின்றன. மனம் வேறொன்றில் ஆழ்ந்தால் அடைபடுகிறது. பின்வந்தவர்கள் இந்த விளக்கத்தின் நுணுக்கங்களைத் திருத்தியிருக்கிறார்கள். மேலிருந்து கட்டளை வருகிறது என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கொடும்பாளூர்தான் நினைவுக்கு வந்தது. பாண்டிய நாட்டிலிருந்து வரும் படை தஞ்சைக்குப் போக வேண்டுமானால் கொடும்பாளூரைத் தாண்ட வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்பது எல்லைக் காவலனுக்கு மட்டும் உரிய முடிவல்ல. தஞ்சையிலிருந்து வரும் ஓலையையும் பொறுத்தது. தலைநகரில் பீதி பிடித்திருந்தால், எல்லையில் நாலு குதிரை நடமாடினாலும் பெரும்படை வந்துவிட்டதாகவே முரசு முழங்கும். என் முழங்கையில் நாலு குதிரைகள்தாம் நடமாடின போலும். முரசு முழங்கியது தலைநகரில்.

ஆகவே வலி பொய்யில்லை. மூவர் கோயிலில் பதினோரு பக்கம் எழுதியபோது வலிக்காததும் மெய். ஆசிரியர் கூப்பிட்டதும் வலித்ததும் மெய். இதை அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

*

ஆனால் சரித்திரத்தில் கைவலிக்காரர்களுக்கு அந்த ஆறுதல் எளிதில் கிடைக்கவில்லை.

எழுதுகிறவர்களின் கைநோயை முதலில் விரிவாகச் சொன்னவர்களில் ஒருவர் ரமஸ்ஸீனி என்ற இத்தாலிய வைத்தியர். தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1700-ல் வந்தது. 1713-ல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்று மனத்தை இறுக்கிக்கொள்வது ஆகிய மூன்றையும் காரணமாகச் சொன்னார். மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வைத்தியர் கையைப் பார்க்கும்போது மனத்தையும் பார்த்தார்! வாழ்நாளெல்லாம் எழுதிய ஒருவருக்கு வலது கை செயலற்றுப் போனதையும், அவர் இடது கையால் எழுதப் பழகியதையும், கொஞ்ச காலத்தில் இடது கைக்கும் அதே நோய் வந்ததையும் அவர் குறித்திருக்கிறார். நம் சோழ மன்னர்களின் அரண்மனைகளில் திருமந்திர ஓலை எழுதியவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கலாம். பிழை வந்தால் மனம் இறுகுவதற்கு அவர்களுக்குக் காரணமும் அதிகம்.

பிறகு தந்தி வந்தது. பிரிட்டனில் நாள் முழுவதும் 'கட்டு கடா' என்று தந்தி அடித்த ஊழியர்களுக்குக் கை இழுத்துக்கொண்டது. 1908-ல் அரசாங்கம் அதை நஷ்ட ஈடு பெறத்தக்க தொழில் நோயாக ஏற்றுக்கொண்டது. அதன்பின் புகார்கள் பெருகவே, தபால் இலாகா ஒரு குழுவை அமர்த்தியது. 1911-ல் அறிக்கை வந்தது. ஊழியரின் நரம்புத் தளர்ச்சி, ஓயாத வேலையால் வரும் களைப்பு ஆகிய இரண்டும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன என்று குழு சொன்னது. பாதி நியாயமான முடிவுதான். ஆனால் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை மேலதிகாரி ஒரு விதமாகப் படிப்பார். கை வலிக்கிற குமாஸ்தா இன்னொரு விதமாகப் படிப்பார். நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்திச் சேவையே முடிந்துபோயிற்று. அந்தச் சச்சரவு மட்டும் முடியவில்லை.

1980-களில் அது ஆஸ்திரேலியாவில் மறுபடி கிளம்பியது. விசைப்பலகையில் வேலை செய்தவர்களிடையே கைவலி ஒரு கொள்ளைநோய் போலப் பரவியது. தொலைத்தொடர்பு நிறுவனத்தில் கணக்கெடுத்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. மிக அதிகமாக விசை தட்டிய தந்தி ஊழியர்களிடையே புகார் குறைவு. குறைவாகத் தட்டிய தொலைபேசி இணைப்பாளர்களிடையே மிக அதிகம். வெறும் உழைப்புத்தான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? சலிப்பூட்டும் வேலை, மேலதிகாரியின் கண்காணிப்பு, "கை நிரந்தரமாகக் கெட்டுவிடும்" என்று நாலா பக்கமும் பரவிய பேச்சு ஆகியவையும் சேர்ந்தன என்று ஒரு சாரார் வாதித்தார்கள். உடனே எதிர்சாரார், "அப்படியானால் எங்களைப் பொய்யர்கள் என்கிறீர்களா?" என்று கொதித்தார்கள். வழக்குகள் நடந்தன. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் புகார்கள் தணிந்தன. நடுவில் நசுங்கியவர்கள் உண்மையாகவே கை வலித்தவர்கள்.

இரண்டு கட்சியும் ஒரே தவற்றைச் செய்தன என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் காரணம் இருந்தால் வலி நிஜம், மனத்தில் காரணம் இருந்தால் வலி பொய் என்று இரண்டு கட்சியாருமே ஒத்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள்.

*

இவ்வளவும் படித்த பிறகு மறுபடியும் ஒரு முறை கொடும்பாளூர் போனேன். அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். இளமையில் கல் உடைக்கும் வேலை செய்தவர். வலது கையில் சுண்டுவிரல் கிடையாது; பாறை விழுந்து போய்விட்டதாம். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"வலி இருந்ததா பெரியவரே?" என்று கேட்டேன்.

"விரல் போனப்ப அவ்வளவா நோவல அய்யா. அப்புறந்தான் நோவுச்சு. இல்லாத விரல் எப்படிங்க நோவும்? சொன்னா சிரிப்பாக. அதனால யாருக்கிட்டயும் சொல்றதில்ல."

"எப்போதும் வலிக்குமா?"

அவர் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை இருக்கையில தெரியாதுங்க. மக கலியாணத்துக்குப் பணம் பொரளாம நின்னுச்சு பாருங்க ஒரு வருசம், அந்த வருசம் பூராவும் ராத்திரி தூங்கவிடல. கலியாணம் முடிஞ்சுது. அதுவும் அடங்கிப் போச்சு."

அவரிடம் நான் சொன்னேன்: "பெரியவரே, இது உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பெரிய பெரிய தளபதிகளுக்கே வந்திருக்கிறது." ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் நெல்சன் 1797-ல் வலது கையை இழந்தார். இல்லாத அந்தக் கையின் விரல்களை அவர் உணர்ந்ததாகச் சொல்வார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கை கால் இழந்தவர்களை பிலடெல்பியா நகரில் கவனித்த வெய்ர் மிச்செல் என்ற மருத்துவர், இதற்கு 1871-ல் 'பேய் உறுப்பு' என்று பொருள்படும் பெயரே வைத்தார். நரம்பில் குண்டடி பட்ட சிலரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். கை நெருப்பாக எரிகிறதென்று ஈரத்துணி சுற்றிக்கொண்டே திரிவார்களாம். பக்கத்தில் யாராவது காகிதத்தைப் புரட்டும் சத்தம்கூட அவர்களுடைய வலியைக் கூட்டிவிடுமாம்.

நம் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன் இதற்கு 1990-களில் ஒரு வேடிக்கையான வழி கண்டார். இல்லாத கை முறுக்கிக்கொண்டு வலிக்கிறது என்று தவித்த ஒருவரை ஒரு கண்ணாடியின் முன் உட்காரவைத்தார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது. இருக்கும் கையை விரித்தார். இல்லாத கையும் விரிந்தது போலத் தோன்றியது. முறுக்கம் விட்டது. எல்லோருக்கும் இது பலித்ததென்று சொல்வதற்கில்லை. ஆனால் சிலருக்காவது, சில ரூபாய்க் கண்ணாடி, கத்தியும் மருந்தும் செய்யாததைச் செய்தது. கையே இல்லாத இடத்தில் வலித்தது என்றால், அந்த வலியின் இருப்பிடம் வேறெங்கோ இருக்கிறது என்பதில் சந்தேகம் உண்டா?

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் சொன்னது பொய்யில்லைங்களே?" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

*

வலியே இல்லாவிட்டால் எவ்வளவு சுகம் என்று அன்று திரும்பும் வழியில் நினைத்தேன். அந்த நினைப்பையும் ஒரு சரித்திரம் கலைத்தது.

1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். பெற்றோர் ஆங்கிலேயப் பாதிரிமார். லண்டனில் மருத்துவம் படித்து 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார். நோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் திண்டாடினார். நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி அலட்சியமாகத் திருகித் திறந்தான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரை கிழிந்து இரத்தம் கொட்டியது. அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்களைத் தின்றது நோய் அல்ல. நோய் வலியைத் தின்றது, வலி இல்லாததால் அன்றாடக் காயங்கள் விரல்களைத் தின்றன. இரவில் எலி கடித்தாலும் தூங்குகிறவர் விழிக்கவில்லை என்று கண்டு, சிகிச்சை முடிந்து போகிறவர்களோடு பூனைகளை அனுப்பிவைத்தார்கள். அந்த நோயாளிகள் சிலர் தங்கள் கைகளைத் தங்களுடையவை என்றே உணரவில்லை. ஏதோ ஒரு கருவியைப் போலப் பாவித்தார்கள் என்று பிராண்ட் எழுதுகிறார்.

ஆகவே வலி நம் பகைவன் அல்ல, காவலன். அதை ஓட்டிவிடக் கூடாது. சில சமயம் அது பயந்துபோய், ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூச்சல் போடும். அப்போது அதைச் சமாதானப்படுத்த வேண்டும்.

*

காவலன் என்றதும் கொடும்பாளூர் மன்னர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான இடங்கழி நாயனார் இந்த ஊரை ஆண்டவர். சிவனடியார்களுக்கு அன்னமிட்டு வந்த ஒருவர், கையில் ஒன்றும் இல்லாமல் போகவே, இரவில் அரண்மனை நெற்களஞ்சியத்தில் புகுந்து திருடினார். காவலர் கையும் களவுமாகப் பிடித்து மன்னர் முன் நிறுத்தினார்கள். திருடிய கைக்கு என்ன தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும். மன்னரோ, "ஏன் இதைச் செய்தாய்?" என்று கேட்டார். அவர் காரணத்தைச் சொன்னார். மன்னர் அவரை விடுவித்ததோடு, களஞ்சியத்தையே அடியார்களுக்குத் திறந்துவிட்டார். சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது, திறந்த களஞ்சியம்கூட அல்ல. தீர்ப்புக்கு முன்னால் கேட்ட அந்த ஒரு கேள்வி.

என் கையையும் கடைசியில் ஒரு வைத்தியர் அப்படிக் கேட்டார். முழங்கைத் தசைநாரில் நோவு. 'டென்னிஸ் முழங்கை' என்று பெயர் என்றார். என் ஆயுளில் நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை! பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அது தானே அடங்கிவிடும் என்றும் சொன்னார். பிறகு, "இந்தக் கையைப் பற்றி உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார்.

பயமா? இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. எனக்கு அரிச்சுவடி எழுதக் கையைப் பிடித்துப் பழக்கியவர் என் அண்ணா. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில்தான் என் முழங்கை வலி ஆரம்பித்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

வைத்தியர் முழுவதும் கேட்டார். "உங்கள் அண்ணாவுக்கு வந்தது மூளையில். உங்களுக்கு இருப்பது முழங்கையில். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. வலித்தாலும் எழுதுவதால் இந்தக் கை கெட்டுவிடாது. இன்றைக்குப் பத்து வரி எழுதுங்கள். நாளைக்குப் பன்னிரண்டு" என்றார். ஒரே மாதிரியான முழங்கை உள்ள இருவரில் ஒருவர் வேலைக்குப் போகிறார், இன்னொருவர் முடங்கிவிடுகிறார். கைநோயாளிகளைப் பற்றிய பல ஆராய்ச்சிகளில், படத்தில் தெரியும் கோளாற்றைவிட மனச்சோர்வும், "இனித் தீராது" என்ற பயமுமே அந்த வித்தியாசத்தை அதிகம் விளக்குகின்றன என்றும் சொன்னார். ஆனால் விரல் மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, சதை வற்றினாலோ மனத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே வந்து காட்ட வேண்டும் என்று எச்சரிக்கவும் செய்தார். வாசகர்களும் அதை மறக்க வேண்டாம்.

வலி மந்திரம் போட்டாற்போல் மறையவில்லை. நாலைந்து மாதம் பிடித்தது. மாலை வேளைகளில் அண்ணாவின் வீட்டுக்குப் போய், அவர் இடது கையால் எழுதப் பழகும் மேஜையிலேயே உட்கார்ந்து என் பத்து வரியை எழுதினேன். அவர் எழுத்தைப் பார்த்து நானும், என் எழுத்தைப் பார்த்து அவரும் சிரித்துக்கொண்டோம்.

போர்க்கள விளிம்பில் நின்ற கொடும்பாளூர்ப் படையும் ஒரு வழியாக நகர்ந்தது. ஆனால் அந்த அத்தியாயத்தை முதலில் திட்டமிட்டபடி எழுத என்னால் முடியவில்லை. கையில் வெட்டுப்பட்ட ஒரு வேளிர் வீரன் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் கொண்டுவந்த கிழவி ஒருத்தி அவன் அருகில் அமர்ந்து, "எங்கேயப்பா வலிக்கிறது?" என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லி முடிக்க மூன்று பக்கம் பிடித்தது. யுத்தம் குறைந்துவிட்டது என்று ஆசிரியர் குறைப்பட்டார். குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிட்டேன்.